ஏஞ்சலின் அறுபத்திரண்டு மார்க்கும் மச்சானின் மூன்று மாடல்களும்

பொழிச்சலூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மச்சான் ஷெர்வினுக்கு, உன் அக்கா கணவன் எலியேசர் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் செல்வமேரியும் நலம். மகள் ஏஞ்சல் மட்டும் இரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை. எல்லாம் உன் புண்ணியம்.

தாம்பரம் கோச்சிங் சென்டரின் மாதிரித் தேர்வில் பெண் நூற்றுக்கு அறுபத்திரண்டு வாங்கினாள், நாற்பத்தொன்றாவது இடம், முதல் பேட்ச்சுக்கு முப்பது பேர்தான், நான் பாட்டுக்கு வருத்தப்பட்டுவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். சிறுசேரியிலிருந்து வந்த நீதான், "மார்க் வேற, திறமை வேற மாமா. நான் கணக்குப் போட்டுத் தரேன்" என்று, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வந்த நூற்றிருபது பிள்ளைகளின் விடைகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றினாய். கேள்வி எவ்வளவு கஷ்டம் என்று மட்டும் பார்க்கிற முதல் மாடல், அரை நாள் ஓடி, நாற்பத்தொன்று என்றது. மார்க்கைக் கூட்டினாலும் அதேதான் வந்தது. எப்பேர்ப்பட்ட விஞ்ஞானம்! எந்தக் கேள்வி கெட்டிக்காரர்களைப் பிரித்துக் காட்டுகிறது என்று பார்க்கிற இரண்டாவது மாடல் இருபத்திரண்டாவது இடம் என்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மீதியைப் படிக்காமலே பிரிண்ட் எடுத்துக்கொண்டு சென்டர் நடத்தும் வைத்தீஸ்வரன் சாரிடம் ஓடினேன். கடைசிப் பக்கத்தில், சுலபமானதை விட்டுக் கஷ்டமானதைச் சரியாகப் போட்டால் குருட்டாம்போக்கு என்று கழிக்கிற உன் மூன்றாவது மாடல், எழுபத்தாறாவது இடம் என்று போட்டிருக்கிறது!

"என்ன சார், பொண்ணு குத்துமதிப்பா டிக் அடிச்சிருக்குன்னு நீங்களே எழுதிக் குடுக்கறீங்க? எங்க கிட்ட ஒரே மாடல்தான், கூட்டல். ஆனா அப்பாவே சொல்றப்போ நான் எப்படி மறுக்கறது?" என்று ஏஞ்சலை மூன்றாவது பேட்ச்சுக்குத் தள்ளிவிட்டார்.

அவள் வீட்டுக்கு வந்து பையை வீசினாள். "கஷ்டமான கணக்கெல்லாம் தெரிஞ்சுதான்பா போட்டேன். என்னை ஒரு வார்த்தை கேட்டியா? மாமாவோட கம்ப்யூட்டரைத்தானே கேட்ட?" என்றாள். செல்வமேரி உன்னைத் திட்டவே இல்லை, தம்பியாயிற்றே. எனக்கு மட்டும் மூன்று வேளையும் மோர்சாதம்.

ஆகவே, மூன்று மாடலும் தப்பு என்று கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. தேவன் உனக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் வாயடக்கமும் அருள்வாராக.

அன்பு (இப்போதைக்கு) குறையாத,
எலியேசர்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் வைத்தீஸ்வரன் சார் போன் செய்தார். உன் இரண்டாவது மாடலில், ஏழு சுலபமான கேள்விகளை நன்றாகப் படிப்பவர்கள் தப்பாகவும் படிக்காதவர்கள் சரியாகவும் போட்டதாக வந்திருக்கிறதே, அது அவருக்கு உறுத்தியிருக்கிறது. "ஆன்சர் கீயே தப்பு சார்" என்றார். ஏழும் ஏஞ்சல் சரியாகப் போட்டும் மார்க் போனவை. இப்போது ஐந்தாவது இடம், முதல் பேட்ச். அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். கையெழுத்தெல்லாம் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. புது மார்க்கை வைத்து மறுபடி ஓட்டிப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டுவிடாதே.