பம்புப் பெட்டியின் சாவி குறித்து மாப்பிள்ளைக்கு

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நீங்களும் என் மகளும் குழந்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. உங்கள் அத்தை சௌக்கியம். என்னைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன், உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

போன வருடம் விடுமுறைக்கு வந்த நீங்கள் எங்கும் சுற்றிப் பார்க்காமல், எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் கொசுக்கடியில் உட்கார்ந்து, இங்குள்ள தண்ணீர்ச் சண்டைக்கு முடிவு கட்டினீர்கள். எந்த மாடிக்கு எந்த நேரம் தண்ணீர் என்ற பட்டியலை, கணினி நிரல்களைச் சேமித்து வைக்கும் ஓர் இணையதளத்தில் போட்டீர்கள். பம்புக்குப் பக்கத்தில் நீங்கள் பொருத்திய சின்னப் பெட்டி ஒவ்வொரு முறையும் அங்கே போய்ப் பட்டியலைப் பார்த்து வால்வைத் திறக்கும். பட்டியல் கிடைக்காவிட்டால் மாடிக்கு இருபதே நிமிடம் விட்டு மூடிவிடும். யாரும் சந்தேகப்படக் கூடாது என்று நான் சொன்னதால், பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி பொதுவில் வைத்தீர்கள். புறப்படும்போது, "மாமா, இனிமே இது உங்க பொறுப்பு" என்றீர்கள். நான் என் மகளை உங்களிடம் ஒப்படைத்தேன், நீங்கள் என்னிடம் ஒப்படைத்தது இது ஒன்றுதான். நீங்கள் அவளை நன்றாக வைத்திருக்கிறீர்கள். அதை நினைத்தால்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்த இணையதளத்துக்காரர்கள் ஆறு மாதமாக எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள். மருந்துக் கிடங்கில் முப்பத்தோரு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். சுற்றறிக்கை வந்தால் தேதிவாரியாகக் கோப்பில் சேர்ப்பேனே தவிர, படித்துப் பழக்கமில்லை. ஏழு மின்னஞ்சல்களையும் அச்செடுத்து, துளை போட்டு, கோப்பில் சேர்த்தேன். போன திங்கட்கிழமை நான்காம் மாடிக்காக நேரத்தைக் கொஞ்சம் மாற்றிப் பட்டியலை ஏற்றப் போனால், பாஸ்வேர்டு செல்லாது என்கிறது. உங்கள் கல்யாணத் தேதியும் என் பணி எண்ணும் சேர்ந்த அதே பாஸ்வேர்டு. பதினோரு தடவை போட்டேன். கடைசித் தடவை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட்டேன். பெட்டியும் அதே பாஸ்வேர்டில்தான் உள்ளே போகும், அதற்கும் அதே கதி. எல்லா மாடிக்கும் இருபது நிமிடத்தில் குழாய் நின்றது.

இரண்டாம் மாடியில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் பெண்ணைக் கூட்டி வந்தேன். அவள் கோப்பில் கிடந்த முதல் தாளைப் பார்த்தவுடனே சொல்லிவிட்டாள். "அங்கிள், பாஸ்வேர்ட போட்டு ஏத்தறத இவங்க நிறுத்திட்டாங்க. அக்கவுண்ட் பாஸ்வேர்டுங்கறது வீட்டு மெயின் சாவி மாதிரி. வேலைக்கு வர்ற எல்லார்கிட்டயும் மெயின் சாவியையா குடுப்பீங்க? இனிமே உங்க கம்ப்யூட்டருக்கு ஒரு சாவி, பம்புப் பெட்டிக்கு ஒரு சாவி. சாவின்னா நீளமா ஒரு ரகசிய எண், அவ்ளோதான். ஒண்ணு தொலைஞ்சா அத மட்டும் ரத்து பண்ணிக்கலாம். ஆனா சைட்டுல ஒரே ஒரு தடவைதான் காட்டுவாங்க, பத்திரமா வச்சுக்கோங்க."

மாப்பிள்ளை, இதைக் கேட்டு நான் பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன். இருநூற்றுப் பதினான்கு சாவிகளை இதே முறையில் ஆண்டவன் நான். அதனால்தான் கெட்டேன். எங்கள் கிடங்கில் அடையாளத் தகடு கட்டாத சாவியைக் கையில் வைத்திருந்தாலே விளக்கம் கேட்டு ஓலை வந்துவிடும். ஆகவே இரண்டு சாவிகளையும் உண்டாக்கி, உரிய இடத்தில் பொருத்தியபின், தண்ணீர்ப் பட்டியலின் தலைப்பில் ஒழுங்காக எழுதினேன்: இப்பட்டியலுக்குரிய சாவிகள், எண்கள் இவை, வழங்கிய நாள், காலாவதி நாள், பொறுப்பாளர் பெயர். ஏற்றினேன், ஏறியது. இரண்டே நிமிடத்தில் இரண்டு சாவிகளும் செத்தன. மறுநாள் புதிதாக இரண்டு, அதே மரியாதையோடு எழுதி ஏற்றினேன், அவையும் செத்தன. மூன்றாம் நாளும் அப்படியே. ஒவ்வொரு சாவுக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. அவற்றையும் கோப்பில் சேர்த்தேன்.

இதற்குள் வீட்டில் பேச்சுவார்த்தை நின்றது. "இருநூறு சாவிய காப்பாத்துன மனுஷனுக்கு ரெண்டு சாவிய காப்பாத்தத் தெரியல" என்று உங்கள் அத்தை சுவரைப் பார்த்துச் சொன்னாள். மூன்றாம் மாடிப் பல் டாக்டர், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் உங்கள் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழையபடி கையால் வால்வைத் திருப்பலாம் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. மாடிப்படியில் அவரை மறித்து, பத்துப் பேர் முன்னால், "என் சாவியை ஏன் சார் ரத்து பண்றீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் நிதானமாக, "சார், நான் பல்லுதான் பிடுங்குவேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கையில் காலி வாளியோடு நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள்.

கடைசியில் அந்தப் பெண்தான் பட்டியலைத் திறந்து பார்த்துத் தலையில் கைவைத்தாள். "அங்கிள், சாவிய கதவு மேலயே ஒட்டி வச்சிருக்கீங்க. யார் வேணா எடுத்துடுவாங்கன்னு அவங்களே உடனே செல்லாம ஆக்கிடறாங்க. அதத்தான் மெயில்ல சொல்லிட்டே இருக்காங்க." முப்பத்தோரு வருட சர்வீஸில் இப்படி ஒரு அவமானத்தை நான் பட்டதில்லை. நேற்று புதிதாக இரண்டு சாவிகளை உண்டாக்கி, எங்கும் ஏற்றாமல், பொருத்திவிட்டேன். தண்ணீர் வருகிறது. நேற்று இரவிலிருந்து அத்தை என் முகத்தைப் பார்த்தே பேசுகிறாள். ஆனாலும் எனக்கு என்மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. ஞாயிறு வரை குழாய் நிற்காமல் ஓடினால்தான் உங்கள் பெட்டி பிழைக்கும். ஆகவே தயவுசெய்து பொறுப்பை நீங்களே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், அங்கிருந்தே பாருங்கள். நான் கோப்பில் தாள் சேர்ப்பதோடு நின்றுகொள்கிறேன்.

மகளுக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசிகள். குறையில்லாமல், தண்ணீர்ப் பஞ்சம் தெரியாமல் நீங்கள் எல்லோரும் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நம்பிக்கைக்குப் பாத்திரமாக இருக்க முயன்ற மாமனார்

பின்குறிப்பு: பொறுப்பை ஒப்படைக்கும்போது சாவியையும் ஒப்படைக்க வேண்டும் அல்லவா. இரண்டையும் இந்தத் தாளின் பின்பக்கத்தில், உங்கள் கண்ணுக்கு மட்டும், எழுதியிருக்கிறேன். இம்முறை பட்டியலில் ஓர் எழுத்துகூட எழுதவில்லை. வெளியே போகும் கடிதத்துக்கு அலுவலக நகல் ஒன்று சம்பந்தப்பட்ட கோப்போடு இருக்க வேண்டும் என்பதால், இதன் இரண்டு பக்கங்களையும் தட்டச்சு செய்து, பட்டியல் இருக்கும் அதே இடத்தில் சற்று முன் ஏற்றி வைத்தேன். உடனே ஒரு மின்னஞ்சல் வந்தது. கோப்பில் சேர்த்துவிட்டேன்.

இன்னொன்று. ஆறு மணியிலிருந்து எங்கள் மாடிக்குத் தண்ணீர் முறை. இப்போது மணி ஆறு இருபத்தொன்று. குளியலறையிலிருந்து உங்கள் அத்தை, "தலை முழுக்க சோப்போட நிக்கறேன், தண்ணி நின்னு போச்சு, என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்று கேட்கிறாள். என்ன பதில் சொல்வது என்று உடனே தெரிவிக்கவும்.