கொப்பி அடித்த எடிற்றர்

நெருப்பையும் சக்கரத்தையும் கண்டுபிடித்த மனித குலம் மூன்றாவதாகக் கண்டுபிடித்த மகத்தான பொருள் விசாரணைக் குழு. இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. நெடுந்தீவு 'தீவக நவீன கணினி மேம்பாட்டு நிலைய'த்தின் செயலாளர் என்ற பொறுப்போடு சொல்கிறேன். நெருப்பு இல்லாமல் இருக்கலாம். எங்கள் ஊரில் நாற்பது வீட்டு அடுப்புகள் சில கிழமைகள் அப்படி இருந்து காட்டின. குழு இல்லாமல் ஒரு நிலையம் ஒரு பகல்கூட இருக்கமுடியாது.

நிலையம் பிறந்தது 2004இல். சமாதான காலம் என்று பெயர். குறிகட்டுவானிலிருந்து வரும் படகில் ஆலோசகர்களும் அவர்களுடைய பைகளும் ஏறியபிறகு இடமிருந்தால் சனம் ஏறும். அப்படி வந்த ஒரு வெளிநாட்டு நிறுவனம் எங்களுக்கு ஆறு கொம்பியூட்டர்களும் ஒரு ஜெனறேற்றரும் தந்தது. தந்துவிட்டு, "இதனால் ஏழைகளுக்கு என்ன பயன்?" என்று ஒரு கேள்வியும் கேட்டது. கொடுப்பவர்களுக்கு இப்படி ஒரு கெட்ட பழக்கம் உண்டு.

எங்கள் இயக்குநர் தம்பிஐயா மாஸ்ரர் அசரவில்லை. ஓய்வுபெற்ற அதிபர். முப்பது வருடம் பரீட்சை மண்டபங்களில் மேற்பார்வையாளராக நடந்து நடந்து செருப்புத் தேய்த்தவர். சட்டைக் கைக்குள் ஒளித்த துண்டை மூக்காலேயே மணந்து பிடிப்பார் என்று பேர். அவர் கையில் பிடிபட்ட பிள்ளைகள் கனடாவில் இருந்தாலும் இன்றைக்கும் கனவில் திடுக்கிட்டு எழும்புவார்களாம்.

"கடற்றொழிலாளருக்குப் பாஸ் அடிச்சுக் குடுப்பம்" என்றார் மாஸ்ரர்.

கடலுக்குப் போக அந்தக் காலத்தில் பாஸ் வேண்டும். பாஸ் இல்லாமல் வள்ளம் கரையை விட்டு அசையாது. மாதம் பிறந்தால் கடற்றொழிலாளர் சங்கத்து எழுத்தர் அம்புறோஸ் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு இருந்து, நாற்பது பேருக்கும் கையால் பாஸ் எழுதி, சீல் குத்திக் கொடுப்பார். ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரத்து வேலை. இவ்வளவு இலேசாக ஒரு காரியம் நடப்பது பின்தங்கிய சமூகத்தின் அடையாளம் என்று நாங்கள் கண்டறிந்தோம்.

ஆகவே திறப்பு விழாவில் அம்புறோசுக்குப் பொன்னாடை போர்த்தினோம். அவருடைய பேனையை வாங்கிக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினோம். கரையில் பாஸ் பார்க்கிற கடற்படையினரிடம் மாஸ்ரரே நேரில் போய், "அடுத்த மாசம் தொடக்கம் கையெழுத்துப் பாஸ் செல்லாது, அச்சடிச்சதுதான் செல்லும்" என்று அறிவித்துவிட்டு வந்தார். பாஸ் அச்சடிக்கும் புரோகிராம் அப்போது இன்னும் எழுதப்படவில்லை. அது சின்ன விஷயம்.

எழுதவேண்டியவள் அன்ரனிட்டா. யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டர் படித்துச் சான்றிதழோடு வந்தவள். தகப்பன் அருளப்பு கடலுக்குப் போகிறவர். அவருக்கும் பாஸ் வேண்டும். முதல் நாள் எடிற்றரைத் திறந்து மாஸ்ரருக்குக் காட்டினாள். எடிற்றர் என்பது புரோகிராம் எழுதுகிற கொப்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். 'புதியது' என்பதை அமர்த்தினால் ரெம்பிளேற்றுகள், அதாவது பாதி கட்டிய வீடு மாதிரியான அச்சுகள், வரிசையாக வந்து நின்றன. ஒரு கட்டளையில் இரண்டு எழுத்துத் தட்டிப் புள்ளி வைத்தாள்; மிச்சச் சொல்லை எடிற்றரே காட்டிக் கொடுத்தது. மாஸ்ரர் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மறுநாள் காலை ரெம்பிளேற்றுகளைக் காணவில்லை. புள்ளி வைத்தால் எடிற்றர் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தது.

அன்ரனிட்டா கொம்பியூட்டரை நிறுத்தித் திரும்பப் போட்டாள். எடிற்றரை அழித்துவிட்டு சீடியிலிருந்து புதிதாக ஏற்றினாள். ஏற்றியும் அதே கதைதான். அந்தக் கட்டளைகளோ தேர்வடம்போல் நீளம். ஒரு பெரிய எழுத்துச் சின்ன எழுத்தாய்ப் போனாலும் திரை சிவப்புக் கோடாய்க் கத்தும். பார்த்து எழுதலாம் என்றால் புத்தகம் அலுமாரிக்குள், பேனைக்குப் பக்கத்தில். அலுமாரித் திறப்பு மாஸ்ரரின் இடுப்பில் தொங்கியது. புத்தகம் கசங்கக்கூடாது என்பது நிலையத்தின் கொள்கை.

மாதம் பிறந்தது. வள்ளங்கள் கரையில் கிடந்தன. மாஸ்ரர் உடனடியாக நடவடிக்கை எடுத்தார்: விசாரணைக் குழு அமைத்தார். தலைவர் மாஸ்ரர். உறுப்பினர்கள் அம்புறோசும், நலன்புரி உத்தியோகத்தர் நாகபூசணி அக்காவும். செயலாளர் அடியேன்.

முதலாவது அமர்வில் அன்ரனிட்டா சாட்சி சொன்னாள். "மாஸ்ரர், ரெம்பிளேற் ஒண்டும் வருகுதில்லை. அடிக்கேக்கை மிச்சத்தைக் காட்டுதுமில்லை. அது ரெண்டும் வந்தால் ஒரு பகலிலை முடிச்சுப்போடுவன்."

"இது உப்புக்காத்து" என்றார் நாகபூசணி அக்கா. "எங்கடை வீட்டு றேடியோவும் இப்பிடித்தான் வாயடைச்சது."

உப்புக்காற்று ரெம்பிளேற்றை மட்டும் தேடித் தின்னுமா என்று அம்புறோஸ் கேட்டார். அந்தக் கேள்வி ஒழுங்குக்கு விரோதமானது என்று தலைவர் தள்ளுபடி செய்தார். ஆறு கொம்பியூட்டர்களையும் பொலித்தீனால் சுற்றுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். சுற்றினோம். அதன்பின் திறந்து பார்ப்பதற்கே அரை நாள் போனது.

இரண்டாவது அமர்வில் வைரஸ் என்று முடிவானது. யன்னல்களைப் பூட்டினோம்.

மூன்றாவது அமர்வு நடந்தபோது அருளப்பு வாசலுக்கு வந்துவிட்டார். பின்னால் ஏழெட்டுப் பேர். வெளியே முருகைக்கல் மதிலோரம் நிழலுக்கு ஒதுங்கியிருந்த, தீவில் காடாய்த் திரிகிற குதிரைகள்கூட விலகி வழிவிட்டன.

"மாஸ்ரர், கடையிலை இனிக் கடன் தரமாட்டாங்களாம்" என்றார் அருளப்பு. "பிள்ளையள் காலமையிலையிருந்து வெறும் தேத்தண்ணியோடை. அம்புறோஸ் அண்ணை இந்த மாசத்துக்கு மட்டும் கையாலை எழுதித் தரட்டுமன்."

"அருளப்பு, நீர் முன்னேற்றத்தைப் பின்னாலை இழுக்கிறீர்."

"நான் வள்ளத்தை முன்னாலை தள்ளக் கேக்கிறன் மாஸ்ரர்."

அம்புறோஸ் எழும்பி, "பேனையைத் தாங்கோ, இப்பவே எழுதிக் குடுக்கிறன்" என்று கையை நீட்டினார். பேனை இனி நிலையத்தின் வரலாற்றுச் சொத்து, தொடமுடியாது என்று மாஸ்ரர் விளக்கினார். அம்புறோசின் கை சும்மா திரும்பியது. எனக்கு அன்றைக்கு வயிறு எரிந்தது. சம்பளம் வாங்கும் நாளாகையால் அதை வெளியில் காட்டவில்லை.

கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு ரெக்னீசியனைக் கூப்பிட முடிவானது. மிதுஷன் என்ற அந்தப் பெடியன் படகில் வரும் வழியெல்லாம் சத்தியெடுத்து, இறங்கும்போது வெள்ளைத் துணியாக இருந்தான். நாகபூசணி அக்கா கொடுத்த தேசிக்காய்த் தண்ணியைக் குடித்துவிட்டுப் பொலித்தீனைக் கிழித்தான். நாங்கள் நான்காவது அமர்வுக்காகக் கதிரைகளை ஒழுங்குபண்ணி முடிக்கவில்லை; அதற்குள் அவன் முடித்துவிட்டான்.

"ஒரு பழுதுமில்லை" என்றான். "சொல்லை நிரப்புற இடத்திலை சரி அடையாளத்தை எடுத்துவிட்டிருக்கு. ரெம்பிளேற் தேடுற இடத்தையும் ஒரு வெறும் ஃபோல்டருக்கு மாத்தியிருக்கு. எடிற்றரை எத்தினை தரம் அழிச்சுப் போட்டாலும் இந்த செற்றிங் அழியாது, அது வேறை இடத்திலை இருக்குது. ஆரோ வேணுமெண்டு கைவைச்சிருக்கினம்."

"நான்தான்" என்றார் மாஸ்ரர்.

மடியில் பூனையைக் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்த கதை கேட்டிருக்கிறோம். பூனையே தலைமை தாங்கிச் சகுனம் பார்த்தது இதுதான் முதல் தடவை.

"மாஸ்ரர், நீங்களோ?" என்றாள் அன்ரனிட்டா.

"பிள்ளை, நீர் ரெண்டு எழுத்து அடிக்க மிச்சத்தை அது சொல்லித் தருது. பக்கத்து மேசைக்காரன் சொல்லித் தாறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? ரெம்பிளேற் எண்டால் என்ன? மாதிரி விடை! என்ரை மண்டபத்திலை முப்பது வருஷம் ஒருதரும் கொப்பி அடிக்கேல்லை. இனி ஒரு மிசின் வந்து அடிக்க விடுவனோ? அகராதியை வைச்சு ஒவ்வொரு சொல்லாப் பாத்து நிப்பாட்டினனான்."

"அப்ப இவ்வளவு நாளும் கூட்டம் போட்டம். ஏன் மாஸ்ரர் சொல்லேல்லை?" என்று அம்புறோஸ் கேட்டார்.

மாஸ்ரர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "மேற்பார்வையாளர் விடை சொல்லக்கூடாது."

என்ன நேர்மை! தெரிந்த விடையை வாய்க்குள் பூட்டி வைத்துக்கொண்டு மூன்று அமர்வுக்குத் தலைமை தாங்குவது சாதாரண மனிதனால் ஏலுமா? நான் அதைக் கூட்டக் குறிப்பில் அப்படியே பாராட்டி எழுதினேன்.

மிதுஷனுக்கு இந்தத் தத்துவம் விளங்கவில்லை. வயிறு இன்னும் புரட்டிக்கொண்டிருந்தபடியால் விவாதிக்காமல் சரி அடையாளத்தைத் திரும்பப் போட்டான், ஃபோல்டரைச் சரியாக்கினான், திரும்பும் படகுக்கு ஓடிவிட்டான். மாஸ்ரர் "இது களவு, இது களவு" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அன்ரனிட்டா சொன்ன சொல் தவறவில்லை. புள்ளி வைக்க எடிற்றர் சொல்லைத் தந்தது. அச்சை எடுக்க வீடு எழும்பியது. அன்று பொழுது சாய முன்னம் பிறின்ரர் நாற்பது பாஸையும் துப்பியது. முதலாவது பாசில் தகப்பனின் பெயர். அவள் அதைச் சூட்டோடு கையில் எடுத்து, "அப்பா நாளைக்குக் கடலுக்குப் போவார்" என்று என்னிடம் சொன்னாள். அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

மறுநாள் விடிய முன்னமே நாற்பது பேரும் வலையோடு வந்து வரிசையில் நின்றார்கள். மாஸ்ரர் மேசையில் இருந்து பாஸ்களை ஒவ்வொன்றாக எடுத்தார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்தார். முதலாவது பாசில், அருளப்பு என்ற பெயருக்கு மேலாக, மூலைக்கு மூலை கோடு இழுத்து 'செல்லாது' என்று எழுதினார். பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது.

"மாஸ்ரர்!" அன்ரனிட்டா மேசையைப் பிடித்தாள். "இது சோதினை இல்லை மாஸ்ரர். இது சோறு."

"வாழ்க்கை முழுக்கச் சோதினைதான் பிள்ளை. களவாய் வந்த பெறுபேறு எனக்கு வேண்டாம். நீர் ஒரு வருஷத்துக்கு இந்த மண்டபத்துக்குள்ளை வரக்கூடாது. மோசடி செய்த பரீட்சார்த்திக்கு அதுதான் விதி."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடான் என்பார்கள். எங்கள் பூசாரி வரத்தைத் திருத்திப் புள்ளியும் போட்டார்: நாற்பதுக்குப் பூச்சியம். பிறகு செற்றிங்குகளை நிறுத்தி, மேலே கடவுச்சொல்லும் போட்டார். வரிசையில் நின்றவர்கள் வலையைத் தோளில் போட்டபடி வீட்டுக்குத் திரும்பினார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. எங்கள் சனத்துக்குப் படித்தவரோடு சத்தம் போட்டுப் பழக்கமில்லை. அதுதான் அவர்கள் செய்த ஒரே பிழை.

அடுத்த கிழமை வெளிநாட்டு நிறுவனத்தார் பார்வையிட வந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மீன் வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவில் ஒரு மீன் இல்லை. நாகபூசணி அக்கா கடைக்கு ஓடி, கொழும்பிலிருந்து வந்த, தகர ரின்னில் அடைத்த மீனை வாங்கிவந்து, தேசிக்காய்ப் புளி விட்டுக் குழம்பு வைத்தார். விருந்தினர் நெடுந்தீவு மீனின் தனிச் சுவையைப் புகழ்ந்து சாப்பிட்டார்கள்.

சாப்பிட்டபின் ஒரு 'பயனாளி'யோடு பேசவேண்டும் என்றார்கள். மதிலுக்கு வெளியே மகளோடு நின்ற அருளப்புவை உள்ளே கூட்டிவந்தோம். மகளுக்கு ஒரு வருடத் தடையாகையால் அவள் வாசலோடு நின்றாள். வந்தவர்களின் தலைவி, வயதான வெள்ளைக்காரப் பெண், அருளப்புவின் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தக் கொம்பியூட்டர்கள் அவருடைய வாழ்க்கையை எப்படி மாற்றின என்று கேட்டார்.

அருளப்பு சொன்னார்: "அம்மா, நாங்கள் கடலுக்குப் போய்க் கனகாலம். வீட்டிலை அடுப்பெரியேல்லை. அம்புறோஸ் அண்ணையின்ரை பேனையைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்கோ. உந்தப் பெட்டியளை நீங்களே கொண்டுபோங்கோ, உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும்."

மாஸ்ரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அழகான ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். கடலில் மாடாய் உழைத்த இந்த மக்களுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஓய்வு கிடைத்திருக்கிறதாம். பழைய பேனைகளை மறந்துவிட்டார்களாம். இதே மாதிரி இன்னும் இருபது பெட்டிகள் தந்தால் பெரிய புண்ணியமாம்.

வெள்ளைக்காரப் பெண் கண்ணைத் துடைத்தார். இருபது பெட்டிகளுக்கும் அந்த இடத்திலேயே சம்மதம் கிடைத்தது. அருளப்பு தன் பேச்சுத்தான் அவரை அழவைத்தது என்று நம்பி, கைகூப்பி, பேனை எப்போது கிடைக்கும் என்று என் முகத்தைப் பார்த்தார். எனக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் செயலாளருக்குப் பேச அதிகாரமில்லை, எழுதத்தான் அதிகாரம். ஆகவே அன்றைய கூட்டக் குறிப்பில், இயக்குநரின் அப்பழுக்கற்ற நேர்மையைப் பாராட்டி இப்படி எழுதினேன்: "மொழிபெயர்ப்பு முழுவதும் மாஸ்ரரின் சொந்த ஆக்கம். அருளப்புவிடமிருந்து அவர் ஒரு சொல்லைக்கூடக் கொப்பி அடிக்கவில்லை."