டிவியில் தெரிந்தது என் பின்மண்டை

ஒலக்கூர்,
ஞாயிற்றுக்கிழமை.

என்றும் என் மரியாதைக்குரிய முகையூர் மச்சான் வெங்கடாசலம் அவர்களுக்கு, தங்கள் தங்கை கிருஷ்ணவேணியின் வீட்டுக்காரன் பச்சைமுத்து கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே வேணி, மகள் கலைப்பிரியா, சின்னவன் கோபி, கறவை மாடு எல்லாரும் நல்ல சுகம். நான் மட்டும் சுமார். அங்கே தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் குறையில்லாமல் இருக்கப் பெருமுக்கல் மலைச் சாமியை வேண்டிக்கொள்கிறேன்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைக்கக் கூடாது. விழுப்புரம் விழா முடிந்ததிலிருந்து நான் கூப்பிட்டாலும் தாங்கள் எடுப்பதில்லை, வேணி கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. மருமகள் டிவியில் பாடப் போகிறாள், வீட்டு டிவியைத் தூக்கி வாசலில் வைத்துத் தெருவுக்கே காட்டப் போகிறேன் என்று விழாவன்று காலையில் எவ்வளவு ஆசையாகச் சொன்னீர்கள்! அப்படிக் கூட்டிய கூட்டத்துக்கு என் பின்மண்டையைக் காட்டினால் எந்த மனிதனுக்கும் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் இந்த மாதக் கடைசி வெள்ளி கோபிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் பிள்ளைக்கு எப்படிக் காது குத்துவது? "எங்க அண்ணன் வரலன்னா காதும் குத்த வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று வேணி மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறாள். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், படித்துவிட்டுத் தாங்களே நியாயம் சொல்லுங்கள்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாவட்ட விழாவில் சேர்ந்து பாடுவார்கள், டிவிக்காரர்கள் அதை நேரடியாகக் காட்டுவார்கள் என்று முடிவானதும், பாட்டு சொல்லித் தரும் அமலா டீச்சர் துணைக்கு ஒரு பெற்றோர் வேண்டும் என்றார். வேர்க்கடலை அறுவடை நேரம், எல்லாருக்கும் மல்லாட்டை பிடுங்கும் வேலை. என் கொல்லையில் பிடுங்கி முடித்திருந்ததால் நான் மாட்டினேன். கிளம்பும்போது வேணி ஒரு மை டப்பியை என் சட்டைப் பையில் போட்டு, "கண்ணு பட்டுடப் போவுதுங்க. மேடை ஏறச்சொல்லோ கன்னத்துல பொட்டு வெச்சி விடுங்க" என்றாள். இது அவள் சொன்னது மச்சான், நானாகச் செய்ததில்லை. விழுப்புரம் போய் மேடைக்குப் பின்னால் நின்றபோதுதான் யோசித்தேன். நம் பிள்ளைக்கு மட்டும் வைத்தால் மற்றப் பிள்ளைகளின் தாய்மார்கள் என்னைச் சும்மா விடுவார்களா? அதனால் எல்லாருக்கும் வைப்பது என்று தீர்மானித்தேன். அடுத்தது அளவு. தெருவில் நாலு பேர் பார்க்கிற பிள்ளைக்குக் கடுகளவு போதும். டிவி என்றால் முகையூரிலிருந்து மலேசியா வரைக்கும் பார்ப்பார்கள். அத்தனை கண்ணையும் கடுகு தாங்குமா? ஆகவே கன்னத்துக்குக் கன்னம் மல்லாட்டைப் பருப்பு அளவுக்குத் தாராளமாக வைத்தேன். யோசித்துப் பார்த்தால் நான் செய்தது சரிதான், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

மேடை விளக்கின் சூட்டை மட்டும் நான் நினைத்துப் பார்க்கவில்லை. பிள்ளைகள் வரிசையாக ஏறி நின்ற கொஞ்ச நேரத்தில் வியர்த்துக் கொட்டி, மை உருகி, அவரவர் புறங்கையால் துடைத்து, அதைப் பக்கத்துப் பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் தேய்த்து, கடைசியில் ஒருவனுக்கு மீசை, ஒருத்திக்குத் தாடி என்று ஆகிவிட்டது. காதில் ஏதோ மாட்டிக்கொண்டிருந்த ஒரு டிவிக்காரத் தம்பி ஓடிவந்து, "இன்னா சார் இது, பசங்கள அடுப்புலேந்து எடுத்தாந்தீங்களா? பேஜாரா போச்சே! லைவ் போவப் போவுது, ஜல்தி தொடைங்க!" என்று கத்தினான். அமலா டீச்சர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் எழுத முடியாது. நான் துண்டை நனைத்துக்கொண்டு மேடையில் ஏறினேன். வேணி விளக்கெண்ணெயில் குழைத்த மை தண்ணீருக்கு அசையுமா? துடைக்கத் துடைக்கப் பரவியது. முன்வரிசையில் மைக்குக்கு நேராக நின்ற கலைப்பிரியாவிடம் வந்து, குனிந்து வலது கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் லைவ் ஆரம்பித்துவிட்டது. முதுகுப் பக்கம் இருக்கிற காமிராவைப் பற்றி எனக்கு யார் சொன்னார்கள்?

முதல் வரியைக் கலைப்பிரியா தனியாகப் பாட வேண்டும், மற்றவர்கள் திருப்பிப் பாட வேண்டும். "கலை மைக்குல இன்னா சொல்றாளோ அத அப்பிடியே திருப்பிச் சொல்லணும், யோசிக்கக் கூடாது" என்று டீச்சர் ஒத்திகையில் தினமும் தொண்டை கிழியச் சொல்லியிருந்தார். பிள்ளை என் தலையைத் தள்ளிப் பார்த்தாள். நான் நகரவில்லை, இடது கன்னம் பாக்கி இருந்தது. உடனே அவள் மைக்கில், "அப்பா, அந்தாண்ட போப்பா!" என்றாள். பின்னால் நின்ற அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில், ராகத்தோடு, "அப்பா, அந்தாண்ட போப்பா!" நான் விறைத்து நின்றேன். "அய்யோ, மானம் போவுதுப்பா!" என்றாள். "அய்யோ, மானம் போவுதுப்பா!" என்றார்கள் எல்லாரும். தபேலாக்காரர் அதற்குத் தாளமும் போட்டுவிட்டார். கூட்டம் இதுதான் பாட்டு என்று நினைத்துக் கைதட்டியது.

நான் இறங்கிய பிறகாவது பிள்ளையைக் காட்டினார்களா? காமிராக்காரர் என் பின்னாலேயே வந்து, நான் படியில் உட்கார்ந்து துண்டால் முகம் துடைத்ததைக் கடைசி வரை காட்டினார். அத்தனை பிள்ளைகளின் மையும் அந்தத் துண்டில்தான் இருந்தது. ஆனால் மச்சான், அதற்கப்புறம் பிள்ளை பாடினாளே, ஒரு இடத்தில்கூடக் குரல் நடுங்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. டிவியில் பார்த்தவர்கள் அவமானத்தில் அழுகிறான் என்று நினைத்திருப்பார்கள். அது அவமானம் இல்லை, சந்தோஷம். திரும்பி வரும்போது திண்டிவனம் டீக்கடையில் முன்பின் தெரியாத ஒருவர், "நீங்கதான அந்தாண்ட போப்பா?" என்று கேட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார்.

தெருவுக்கு முன்னால் தங்கள் தலை குனிந்ததற்கு நான்தான் காரணம். கோபம் தீரவில்லை என்றால் காதுகுத்துப் பந்தலில் வைத்து நாலு பேர் எதிரிலேயே திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். கோபி மட்டும் தங்கள் மடியில் உட்காரட்டும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி.

தாங்கள் வந்து இறங்கும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்,
பச்சைமுத்து

பின்குறிப்பு: அண்ணா, நான் வேணி. கவர் ஒட்டச் சொல்லி என்கிட்ட குடுத்துட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருக்காரு. நான் மை வெக்கச் சொன்னது நம்ம பொண்ணுக்கு மட்டுந்தான், அதுவும் காதுக்குப் பின்னால. அது கெடக்கட்டும். இப்பத்தான் அண்ணி போன் பண்ணாங்க. டிவிய வாசலுக்குத் தூக்கிக்கினு வரச்சொல்லோ நீயே கேபிள் ஒயர அறுத்துட்டியாமே? தெருவே ஒண்ணும் ஓடாத டிவிய பாத்துக்கினு ஒக்காந்திருந்துச்சாமே? மருமவ பாடுனத பாக்கலன்னு தங்கச்சிகிட்ட எப்பிடிச் சொல்றதுன்னுதான் போன எடுக்கலையாமே? லூசு அண்ணா! உங்க தெருவுல ஒருத்தரும் இவர பாக்கல. அத நான் இவருகிட்ட சொல்லல, சொல்லவும் மாட்டேன். இந்தப் பயத்துல எது சொன்னாலும் செய்யறாரு, பந்தல் வேலையெல்லாம் முடியட்டும். நீ கோவமா இருக்கற மாதிரியே மூஞ்ச வெச்சிக்கினு வந்து மணையில ஒக்காரு. இவரு மூஞ்சப் பாத்துச் சிரிச்சிடாத, மடியில கொழந்த இருக்கும்.