தங்கச்சி கல்யாணக் காடியும் நான் வைத்த எண்ணெய் டின்னும்

எஞ்சினைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நான் நம்பியபோது எனக்கு வயது இருபத்தாறு. ஒன்றுமே தெரியாது என்று தெரிந்துகொண்டபோதும் அதே வயதுதான். நடுவில் ஒரு சனிக்கிழமை காலை மட்டும் இருந்தது.

எழுபதுகளின் கடைசி. பாடாங் மேஹா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் எங்கள் வீடு. தங்கை ரீத்தாவுக்குக் கூலிம் மாதா கோயிலில் காலை பத்து மணிக்குத் திருமணம். பெண்ணை அழைத்துவரப் பெரிய கார் அனுப்புவதாக மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். "எங்க தங்கச்சி எங்க காடிலதான் வரும்" என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன். (காடி என்று நான் சொன்னது, எனக்கு முன் மூன்று பேர் ஓட்டி வெறுத்த ஒரு பழைய கார்.)

அதில் ஒரு குறை. எஞ்சினுக்குள் சேரும் எண்ணெய்ப் புகை, எஞ்சினின் மேல்மூடியான வால்வு கவரிலிருந்து ஒரு குழாய் வழியாகக் கிளம்பி, உள்ளே இருப்பவர்களின் மூக்கைத் தேடி வரும். வெள்ளைச் சேலையும் முக்காடுமாக வரப்போகிறவள் அந்த நாற்றத்தோடு இறங்கலாமா? சுங்கை பட்டாணியில் ஒரு பந்தயக் காரைப் பார்த்திருந்தேன். வால்வு கவரில் பித்தளை பிட்டிங், அதிலிருந்து ரப்பர் ஹோஸ், ஹோஸின் முனையில் எண்ணெயைப் பிடித்துவைக்க ஒரு டின். இவ்வளவுதானே என்று தோன்றியது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்க நான் ஆண்டியாக இருக்க வேண்டியதுகூட இல்லை.

முதல் நாள் வால்வு கவரைக் கழற்றி, துளை போட்டு, மரை வெட்டி, பிட்டிங்கை முறுக்கினேன். புகை போய்க்கொண்டிருந்த பழைய வழியை அடைத்தேன். ஒரு பால்மாவு டின்னில் ஹோஸைச் சொருகி, சுற்றிலும் ரப்பர் பசை வைத்து அடைத்தேன். ட்ரில்லை இரவல் கொடுத்த மெக்கானிக் செல்லையா அண்ணன் வந்து பார்த்தார்.

"என்னா தம்பி, டின்னுக்கு லுபாங் எங்க? ஒரு ஓட்ட போடுலா."

"ஓட்ட போட்டா நாத்தம் வெளிய வந்துருமேண்ணே. அதுக்குத்தான் இவ்ளோ வேலையும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ட்ரில்லை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை அத்தை பானட்டின் மேல் கல்யாணக் கார்களில் வைக்கும் மணப்பெண் பொம்மையை நிறுத்தி, ரிப்பன்களை இழுத்து, மீனவர் ஊரான தஞ்சோங் டாவாயில் வாங்கிய தூண்டில் நரம்பால் முன்பக்க கிரில்லோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். "கோயில் வாசல் போய்ச் சேர்ற வரைக்கும் யாரும் அவுக்கக்கூடாது" என்று உத்தரவு. அப்பா விருந்தாளிகளோடு பஸ்ஸில் முன்னாலேயே போய்விட்டார். திருமணத்தை நடத்தப்போகும் ஃபாதர் கறாரானவர். அன்று அவருக்கு அடுத்து வேறொரு தோட்டத்தில் பூசை. "பத்தேகாலுக்கு மேல பொண்ணு வந்தா கல்யாணம் அடுத்த வாரந்தான்" என்று சொல்லிவைத்திருந்தார்.

ஒன்பது இருபதுக்குப் புறப்பட்டோம். பின்னால் ரீத்தாவும் அத்தையும். சில மைல் தூரம் நாற்றமே இல்லை. "பாத்தீங்களா?" என்று திரும்பிச் சிரித்தேன். திரும்பவும் ரோட்டைப் பார்த்தால் பானட்டின் இரண்டு ஓரங்களிலும் வெள்ளைப் புகை. நடுவில் பொம்மை வானத்திலிருந்து இறங்கிய சம்மனசு மாதிரி நின்றுகொண்டிருந்தது.

காரை ஓரம் கட்டினேன். எஞ்சினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி அது உயிர்பெற அரை மணி நேரமாகும். இரண்டு பக்கமும் ரப்பர் மரம், வேறு வண்டி ஒன்றும் காணோம். மணி ஒன்பது நாற்பது.

"பானட்ட தொறக்கணும் அத்த."

"பாதி வழில அவுத்தா ஆகாதுடா."

"காடி எரிஞ்சிருச்சுன்னா?"

"எரியட்டும். ரிப்பன தொடாத."

ஒன்பது ஐம்பது. புகை கெட்டியாகிக்கொண்டே வந்தது. என் வீம்பினால் தங்கையின் கல்யாணம் நின்றுபோகப் போகிறது என்று நிஜமாகவே பயந்தேன். கண் கலங்கியது. (புகை என்று அத்தையிடம் சொன்னேன்.)

பின்கதவு திறந்தது. ரீத்தா சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி இறங்கி, மரங்களுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அக்கா, அந்தக் கத்திய கொஞ்சம் குடுங்க." ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடிவந்தார். ரீத்தா அந்தக் கத்தியால் நரம்பை நாலே இழுப்பில் அறுத்து, பொம்மையை அத்தையின் மடியில் போட்டாள். 

பானட்டைத் தூக்கினேன். வால்வு கவரின் ஓரமெல்லாம் எண்ணெய் கசிந்து, சூடான எக்ஸாஸ்ட் குழாய் மேல் சொட்டிப் புகைந்துகொண்டிருந்தது. டின்னின் அடிப்பாகம் உப்பியிருந்தது.

"காத்து போறதுக்கு வழி எங்கண்ணே?" ரீத்தா எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

நான் டின்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

"ஸ்குரூ டிரைவர் இருக்குல்ல? குத்து."

குத்தினேன். உள்ளே பிடித்துவைத்திருந்த எண்ணெய் அத்தனையும் புதிதாகத் தைத்த என் வெள்ளைச் சட்டையிலும் வாயிலும் வந்து விழுந்தது. (ருசி இன்னும் மறக்கவில்லை.) ரீத்தாவின் மேல் ஒரு சொட்டுகூடப் படவில்லை. குத்தச் சொன்னவள் ஏற்கெனவே நாலடி தள்ளி நின்றிருந்தாள். கசிவு குறைந்தது, கார் நகர்ந்தது.

பத்து பதினாலுக்குக் கோயில் வாசலில் இறங்கினோம். ஃபாதர் என் சட்டையைப் பார்த்துவிட்டு, என்னைத் தவிர எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார். தங்கையின் கல்யாணத்தை நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவள் "சம்மதம்" என்று சொன்ன குரல் காதில் விழுந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

அவள் குடும்பத்தில் யாராவது கோபத்தில் பேசாமல் உம்மென்று உட்கார்ந்தால், "யாராச்சும் இதுக்கு ஒரு ஓட்ட போடுங்கலா" என்பாள். மச்சானுக்கு நாற்பது வருஷமாக இதே வைத்தியம்தான். போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஏதோ யோசனையில் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன் போலிருக்கிறது. அவளுடைய ஐந்து வயதுப் பேத்தி ஸ்குரூ டிரைவரோடு வந்து என் முன்னால் நின்று, வயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எங்க குத்தணும் தாத்தா?" என்று கேட்டாள்.