காலி செய்யக் கயிறு வேண்டும்

ஞாயிறு காலை ஏழு மணிக்கு, குடிவந்த ஐந்தாவது நாளில், எக்ஸ்ரே தீர்ப்பு வழங்கினார்.

"இந்தத் தெரு சரிப்படாது. காலி பண்றோம்."

அவருக்கு விமான நிலையச் சுங்கத்தில் வேலை. ஆளின் முகத்தைப் பார்த்தே பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்பதால் சக ஊழியர்கள் வைத்த பெயர் அது. திறந்தால் பெரும்பாலும் வேறு ஏதாவது இருக்கும். அந்தப் பார்வைக்கு இதுவரை ஆறு வீடுகள் பலி. ஆறு முறையும் சாமான்களைக் கட்டியவளும் பிரித்தவளும் மனைவி. ஏழாவது வீட்டில் பாதிப் பெட்டிகள் இன்னும் பிரிபடவில்லை.

"யாரு என்ன பண்ணாங்க?"

"எதிர்வீட்டு மீசை தினம் சாயங்காலம் உப்பலா ஒரு பையைத் தூக்கிட்டுப் போறான். கடத்தல். கீழ்வீட்டம்மா புருஷனைப் பாத்து 'கண்டதுண்டமா வெட்டிருவேன்'னு கத்துது. இன்னும் என்ன வேணும்?"

"அதுவும் சரிதாங்க. ஆனா சாமான் கட்டக் கயிறு வேணுமே. நம்ம கயிறை அந்த மீசைக்காரர்கிட்டதான் குடுத்திருக்கேன். வாங்கிட்டு வந்துடுங்க."

"நீ போயேன்."

"கடத்தல்காரன் வீட்டுக்கு என்னைத் தனியா அனுப்புவீங்களா?"

போனார். மீசை நாற்காலியைத் துடைத்துப் போட்டு, குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"பயப்படாம உக்காருங்க சார். வீட்டம்மா சொன்னாங்க. உங்களுக்குப் பயந்த சுபாவம், முறைச்சா பயத்துல முறைக்கிறீங்கன்னு அர்த்தமாம்."

எக்ஸ்ரே முறைத்தார். மீசை தோளைத் தட்டிக்கொடுத்தார்.

பை பக்கத்திலேயே இருந்தது. திறக்கச் சொல்லாமல் இருக்கச் சுங்கக்காரரால் முடியவில்லை. உள்ளே தலையணை. மீசை ஒரு கிடங்கில் இரவுக் காவலர்.

"கயிறு?"

"அது கீழ்வீட்டுக்குப் போயிடுச்சு சார்."

கீழ்வீட்டில் கணவருக்குக் காது மந்தம். அந்தம்மா அவருக்கு வாரப் பத்திரிகைத் தொடர்கதையை உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். வெட்டுவதாக மிரட்டியது கதையின் வில்லன்.

"உக்காருங்க தம்பி, முக்கியமான கட்டம்."

உட்கார்ந்தார்.

"வெட்டினானா இல்லியாம்மா?"

"அடுத்த வாரம்தான் தெரியும்."

அடுத்த வாரம் கூப்பிடாமலே போனார். அதற்கடுத்த வாரமும் போனார். அன்று எழுந்து கிளம்பும்போதுதான் முதலில் வந்த காரியம் ஞாபகத்துக்கு வந்தது.

"அந்தக் கயிறைக் குடுத்தீங்கன்னா..."

"எந்தக் கயிறு தம்பி? உங்க வீட்டம்மா கயிறெல்லாம் யாருக்கும் குடுக்கல. 'அவரை அனுப்பி வைக்கிறேன், கொஞ்ச நேரம் உக்கார வச்சுப் பேசுங்க'ன்னு தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கு."

மாடியேறினார். மனைவி கடைசிப் பெட்டியைப் பிரித்துப் பாத்திரங்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கயிறு கெடச்சுதாங்க?"

ஏமாந்ததை ஒப்புக்கொள்ள மனம் இல்லை. காலி செய்யவும் வழியில்லை. கீழே வில்லன் ஓங்கிய கத்தியை இன்னும் இறக்கவில்லை.

"கயிறு எதுக்கு? இது நல்ல தெருன்னு வந்த அன்னைக்கே சொன்னேனே."

"நீங்க சொன்னா சரிதாங்க."

ஜூன் 2ஆம் தேதி, அவர் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்த அலுவலகக் குடியிருப்பு ஒதுக்கப்பட்டது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். வாசகம் மனைவி சொன்னது. கையெழுத்து மட்டும் அவருடையது.