இரண்டு சாவடிக்கு நடுவே ஒரு ரோடு

வெல்மோன்,
மே, 1909

லீல் நகரத்தில் சைக்கிள் பட்டறை நடத்தும் மரியாதைக்குரிய மச்சான் ஃபிர்மேன் அவர்களுக்கு, வெல்மோனிலிருந்து வண்டிச்சக்கர வேலை செய்யும் கிலேன் வணக்கம் சொல்லி எழுதுவது. மாதாவின் தயவில் உங்கள் தங்கை ரொஸாலியும் முயல்களும் சுகம். என் முட்டி மட்டும் மழைக்கு முந்தின நாளே வலிக்கத் தொடங்கிவிடுகிறது. உங்கள் இருமல் அடங்கியிருக்கும் என்று நம்புகிறோம்.

நம் பட்டறைக்கு எதிரே பிரெஞ்சு சுங்கச்சாவடிக்கும் பெல்ஜிய சுங்கச்சாவடிக்கும் நடுவில் கிடக்கிற ரோட்டுத் துண்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். போன முறை அங்கேதான் உங்கள் தொப்பி சேற்றில் போனது. அது அவர்களுடையது என்று நம் சர்க்காரும், நம்முடையது என்று அவர்கள் சர்க்காரும் சொல்லிக்கொண்டே ஒரு கூடை ஜல்லிகூடக் கொட்டவில்லை. அதில் வண்டிகளின் அச்சு முறிவதால்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது என்று நீங்கள் எங்கள் மகள் ஓதிலின் கல்யாணத்தில் கேலி செய்தீர்கள். அது கேலி இல்லை, அப்பட்டமான உண்மை. அந்த ஓதில் இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் பெல்ஜிய ஊரான ஹெர்சேனில் புருஷன் வீட்டில் நிறைமாதமாக இருக்கிறாள். தலைப்பிரசவம் தன் கட்டிலில்தான் நடக்க வேண்டும் என்று ரொஸாலி ஒற்றைக்காலில் நிற்கிறாள். மருத்துவச்சியோ அந்தத் துண்டில் வண்டியும் கூடாது, வீங்கின காலோடு நடக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டாள். "ஊரான் வண்டி உடைஞ்சா நமக்கு சோறு, நம்ம பொண்ணு வண்டி உடைஞ்சா?" என்று ரொஸாலி கேட்டதிலிருந்து எனக்குச் சோறே இறங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் இரண்டு இன்ஜினியர்கள் வந்து இறங்கினார்கள். போன வருஷம் பாரிஸில் பல நாட்டு சர்க்கார்கள் கூடி ரோடுகளுக்காகவே ஒரு மாநாடு நடத்தினார்களே, அதன் சூடு ஆறாமல் நம் பக்கத்திலிருந்து லெகான்த் என்பவரும் அந்தப் பக்கத்திலிருந்து மாஸார் என்பவரும் சேர்ந்தே வந்தார்கள். சண்டை போடுவார்கள் என்று வேடிக்கை பார்க்க ஊரே திரண்டது. அவர்கள் சண்டை போடவில்லை. ஒருவர் குழியில் தண்ணீர் ஊற்றுவார், மற்றவர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு அது வற்றுவதைப் பார்ப்பார். மாஸார் கொஞ்சம் சேற்றை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். நான் வேலையைப் போட்டுவிட்டு அவர்கள் பின்னாலேயே அலைந்தேன்.

"என்னங்கய்யா தெரியுது?" என்று கேட்டேன்.

"பல்லுல நறநறங்குதுன்னா மணல் கலந்திருக்கு. வழுக்குதுன்னா வெறும் களிமண்ணு. நீங்களும் பாருங்களேன்" என்றார் மாஸார்.

நானும் பார்த்தேன் மச்சான். வழுக்கியது. அன்று முழுக்க ரொஸாலி எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

சரி, ரோடு போடப்போகிறார்கள் என்று ஓதிலுக்குச் சொல்லியனுப்பலாம் என்றிருந்தபோது லெகான்த் ஊராரைக் கூட்டி, "இதை யாரும் தொடக் கூடாது" என்றார். ஒரு ரோட்டுக்கு வரக்கூடிய எல்லா வியாதியும் ஒரே உடம்பில் வந்திருப்பதை இருவரும் இதுவரை பார்த்ததில்லையாம். அடுத்த வருஷம் பிரஸ்ஸல்ஸ் மாநாட்டுக்கு வருகிற பல தேசத்துப் பெரியவர்களையும் இங்கே அழைத்து வந்து காட்டப்போகிறார்களாம். "அதுவரைக்கும் எம் பொண்ணு புள்ளைய வயித்துலயே வச்சிக்கணுமா?" என்று ரொஸாலி கேட்டாள். "அது எங்க துறை இல்லம்மா" என்றார் மாஸார், நிஜமான வருத்தத்தோடு.

மறுநாள் இருவரும் தந்தி கொடுக்கப் பெரிய ஊருக்குப் போனார்கள். அவர்கள் வண்டி மறைந்ததும் நான் மண்வெட்டியை எடுத்தேன். என் பிழைப்பை நானே மூடப்போகிறேன் என்று தெரிந்தேதான் எடுத்தேன். முதல் குழியில் உடைந்த செங்கல்லைக் கொட்டினேன். இடிந்த மாட்டுக்கொட்டகையிலிருந்து வண்டி வண்டியாகக் கல் வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை கமீல் ஹெர்சேன் ஆட்களோடு வந்தான். பெல்ஜிய சாவடிக்காரர் மட்டும் குறுக்கே நின்றார்.

"கல்லு எந்த நாட்டுக் கல்லு? தீர்வை கட்டணுமே."

"குழி எந்த நாட்டுக் குழின்னு முதல்ல நீங்க சொல்லுங்க, கட்டுறோம்" என்றான் கமீல்.

அவர் யோசித்துப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு வந்து ஒரு கை கொடுத்தார்.

இன்ஜினியர்கள் திரும்பி வந்தபோது ரோடு முழுக்க இல்லாவிட்டாலும் ஒரு வண்டி போகிற அகலத்துக்கு மட்டமாகக் கிடந்தது. மாஸார் அப்படியே வேலியோரம் உட்கார்ந்துவிட்டார். "யார் செஞ்சது?" என்று லெகான்த் கேட்டார். எல்லோரும் வானத்தைப் பார்த்தோம். அந்தச் சமயம் பார்த்து அந்தப் பக்கத்திலிருந்து ஓதிலின் வண்டி வந்தது. மாஸார் எழுந்து தொப்பியைக் கழற்றி, வண்டியை நிறுத்தச் சொல்லி, மதுக்கடையிலிருந்து தளும்பத் தளும்ப ஒரு கிளாஸ் பீர் வாங்கி வந்து அவள் காலடியில் வைத்தார். "இப்ப ஓட்டுங்க, சிந்துதான்னு பாப்போம்" என்றார். இருவரும் வண்டியின் இரண்டு பக்கமும் குனிந்தபடி கிளாஸையே பார்த்துக்கொண்டு நடந்தார்கள். ஊரே பின்னால் நடந்தது. நம் வாசலில் வண்டி நின்றபோது ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அந்தப் பீரை ஆளுக்குப் பாதியாகக் குடித்துவிட்டு, இரு அரசுகளின் கூட்டு முயற்சியால் சாலை செப்பனிடப்பட்டது என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆகவே மச்சான், நேற்றிலிருந்து ஓதில் ரொஸாலியின் கட்டிலில் இருக்கிறாள். குழந்தை இங்கேதான் பிறக்கும், ஞானஸ்நானம் நம் கோயிலில்தான். ஓதிலின் தாய்மாமனான நீங்கள்தான் ஞானத்தந்தை. அப்படியே உங்கள் பட்டறையில் எனக்கு ஒரு வேலை இருக்குமா என்றும் யோசித்து வையுங்கள். இனி இங்கே எவன் அச்சும் முறியாது. உங்கள் வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் எங்கள் அன்பு. கர்த்தர் உங்கள் கூரையையும் கல்லாப்பெட்டியையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
கிலேன்

பின்குறிப்பு: ஞானஸ்நானத்துக்கு நம் கோயிலுக்கு வந்துவிடாதீர்கள், ஹெர்சேன் கோயிலுக்கு வாருங்கள். இதை எழுதி வைத்துவிட்டுத் தூங்கினேன். இன்று காலை ஓதில், ரோடுதான் நன்றாக இருக்கிறதே, ஹெர்சேனில் விட்டுவந்த என் தலையணையை எடுத்துக்கொண்டு ஒரு நொடியில் வந்துவிடுகிறேன் என்று வண்டியேறிப் போனாள். போன இடத்தில் வலி கண்டு, மாமியார் கட்டிலில் பெண் குழந்தை பிறந்துவிட்டது. தாயும் சேயும் சுகம். நாங்கள் ஓடிப் போனபோது சம்பந்தியம்மா ஸிதோனி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "ரோடு நல்லாத்தான் போட்டிருக்கீங்க சம்பந்தி" என்றாள். ரொஸாலி திரும்பும் வழி முழுக்க நடந்தே வந்தாள். வண்டியில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.