சீட்டோடு கட்டிய போல்ட்

விமானம் இன்ஜினால் பறக்கிறது என்பது பாமரர் நம்பிக்கை. அது பதிவேட்டால்தான் பறக்கிறது. இந்த மகத்தான உண்மையைக் கண்டுணர்ந்தவர் பராமரிப்புப் பிரிவின் பதிவேட்டு அதிகாரி. ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் 'கட்டம்'. படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. இருபத்தெட்டு வருடத்தில் ஒன்றைக்கூட அவர் வெறுமனே விட்டதில்லை. அதற்காகவே இந்த ஆண்டின் 'அப்பழுக்கற்ற பதிவாளர்' விருதுக்கு அவர் பெயர் அடிபட்டது. நாளைக்குத் தணிக்கை. அதைத் தாண்டிவிட்டால் விருது அவருக்குத்தான்.

அந்த நேரம் பார்த்து மெக்கானிக் வந்து நின்றார். கையில் பளபளவென்று ஒரு போல்ட். அதன் கழுத்தில் கம்பியால் கட்டிய மஞ்சள் சீட்டு.

"சார், ஏழாம் நம்பர் விமானத்துல வலது சக்கரத்துக்கு வந்தது. பழசு விரிசல் விட்டுருச்சு. சீட்ட அறுத்து உங்ககிட்ட குடுத்துட்டு இத மாட்டிடறேன்."

கட்டம் பதறிப்போனார்.

"அறுக்கறதா? அது ஆவணம்யா! 'பிரிக்கவோ சிதைக்கவோ கூடாது'ன்னு அதுலயே போட்டிருக்கு, பாரு."

"சீட்டோட மாட்டினா சக்கரத்துல சுத்திக்குமே சார்."

"அதான் சீட்டு ஃபைலுக்கு வரணும்."

"அப்ப போல்ட்டு?"

"சீட்டு எங்கயோ அதுவும் அங்கதான்."

போல்ட் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் புகுந்து, ஏழாம் நம்பர் ஃபைலின் முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கமாக அமர்ந்தது. பதிவேட்டில் 'புதியது பொருத்தப்பட்டது' என்று முத்து முத்தான கையெழுத்தில் ஏறியது. எதில் என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.

"சார், வண்டில இன்னும் பழசுதானே இருக்கு?" என்றார் மெக்கானிக், தலையைச் சொறிந்தபடி.

"வண்டிய யாருய்யா பாக்கப் போறா? ஃபைலத்தான் பாப்பாங்க."

பார்த்தார்கள். தணிக்கையாளர் போல்ட்டைக் கையிலேந்தி நெகிழ்ந்தார்.

"எல்லாரும் சீட்டத்தான் காட்டுவாங்க. நீங்க பொருளையே காட்டறீங்களே!"

விருது உறுதியானது. விழா தலைநகரில். நிறுவனம் பெருந்தன்மையோடு விமான டிக்கெட்டே கொடுத்தது. கட்டம் பூரித்துப்போனார். எந்த விமானம் என்று பழக்க தோஷத்தில் பதிவேட்டைப் புரட்டினார். ஏழாம் நம்பர்.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பதினாறு மணி நேரம் ஓடும் பஸ்ஸில் இடம் பிடித்தார். அதற்கும் ஒரு படிவம் இருந்தது. 'விமானத்தில் செல்லாததற்குக் காரணம்' என்ற கட்டத்தின் மேல் அவர் பேனா வெகுநேரம் நின்றது. பிறகு மூடிக்கொண்டது. இருபத்தெட்டு வருடத்தில் முதன்முறையாக ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அவர் பஸ் ஏறினார்.

ஏழாம் நம்பர் சரியான நேரத்துக்குக் கிளம்பியது. ஏறிய நூற்றைம்பத்து மூன்று பேரிடமும் அப்படியொரு கட்டத்தை யாரும் நீட்டவில்லை.